மூன்றாம் நாள் குறிப்பு

அத்தியாயம் 14

மகள் தண்ணீர் குடிப்பதை, பார்க்காதவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள் பெரியவள்.

தலையை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து ஒரு மடக்கு. நிறுத்தி, இன்னொரு மடக்கு. அவசரப்பட்டால் மூக்கு வழியாக வந்துவிடும். மேலண்ணத்தில் எலும்பு முடிந்து சதை தொடங்குகிற இடத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை. பிளந்த அண்ணத்தோடு பிறந்த குழந்தை. பத்தாம் மாதம் தைத்தார்கள்; அந்த ஓரிடத்தில் மட்டும் தையல் விட்டது. பதினோரு வயதில் மறுபடி தைத்தார்கள். மறுபடி அதே இடம். இப்போது இருபத்தைந்து நடக்கிறது.

மகள் டம்ளரை வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தை விரல்நுனியில் உருட்டி, வாயை அகலத் திறந்து, ஓட்டையில் வைத்து அழுத்தினாள்.

"பக்கத்துக் கட்டடம், பச்சைக் கதவு," என்று சொல்லிப் பார்த்தாள். "ம், இன்னைக்கு நல்லா ஒட்டியிருக்கு."

"டாக்டர் அதை வைக்கக் கூடாதுன்னாரே."

"நாளைக்கு அட்மிஷன். அதுவரைக்கும் பேச வேண்டியதை எல்லாம் பேசித் தீர்த்துக்கறேன். அப்புறம் மூணு வாரம் மைக் உன் கையிலதான்."

அவள் இந்த முடிவுக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. மகள் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறாள். அங்கே எல்லோருக்கும் அவள் 'வாத்தி'. மூக்கால் வருகிற அவள் பேச்சு, ஏற்கெனவே பயந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்கள் காதில் சரியாக ஏறாது என்பதால், டாஷ்போர்டைத் தட்டித்தான் பாடம் நடத்துவாள். ஒரு தட்டு, மெதுவாகப் போ. இரண்டு தட்டு, நிறுத்து. மூன்று வருஷம் அப்படியே ஓடியது. போன மாதக் கடைசியில் ஒரு நாள் கூரையில் பெய்த மழைச் சத்தத்தில் தட்டியது கேட்கவில்லை. கத்தினாள், கத்தியது எதுவும் வார்த்தையாக வரவில்லை. தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி ஒரு கம்பி வேலியில் ஏறிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல், "மூணாவது தடவையும் பண்ணிக்கறேன்மா," என்றாள்.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள் மகள் இப்போது, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "ஆஸ்பத்திரில கூட ஒருத்தர்தான் தங்கலாமாம். நான் சித்தியைக் கூப்பிட்டிருக்கேன்."

பெரியவள் கையிலிருந்த பழைய ஃபைலின் நாடாவை அவிழ்த்து, திரும்பக் கட்டினாள்.

"நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேனே?"

"நீ அழுவ. நான் பேச முடியாம படுத்திருக்கும்போது நீ அழுதா, நான் எப்படி உனக்கு ஆறுதல் சொல்றது?"

"அவ இந்த வீட்டு வாசப்படி ஏறி எத்தனை வருஷமாச்சு..."

"அதான் இன்னைக்கு ஏறப் போறாங்க. ஆறு மணிக்கு வருவாங்க. உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். 'அம்மா வரச் சொன்னாங்க'ன்னு."

பெரியவளும் சின்னவளும். பிறந்த வீட்டில் அக்கா தங்கை இருவரையும் கூப்பிட்ட பெயர் அது. அப்படிக் கூப்பிட இன்று யாரும் உயிரோடு இல்லை. ஆனாலும் பெரியவளுக்குத் தன் மனசுக்குள் தான் பெரியவள்தான், தங்கை சின்னவள்தான். தங்கைக்கு நாற்பத்துமூன்று வயது என்று கணக்குச் சொல்லும். நினைவில் வருவது எப்போதும் பத்தொன்பது வயதுக்காரி. நர்சிங் முதல் வருஷம், வெள்ளை சாக்ஸ், எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

* * *

டாக்டரைப் பார்க்க டிரைவிங் ஸ்கூல் காரில்தான் போனார்கள். மகள் ஓட்ட, பெரியவள் பக்கத்தில் வாத்தியார் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கமும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும்.

"காலைப் பின்னால இழுத்து வச்சுக்கோ. அது நிஜ பிரேக். தெரியாம மிதிச்சா நின்னுடும்."

"எனக்கு என்ன தெரியும் அதெல்லாம்," என்று பெரியவள் முழங்காலைச் சேர்த்து, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஃபைலுக்குள் இரண்டு உறைகள். ஒன்று, பதினோரு வயது ஆபரேஷனுக்கு உரியது. மற்றது அதற்கும் முந்தியது. பழுப்பேறிப்போன உறை, மடிப்பில் விரிசல். எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். அதை அவள் ஒரு தடவைகூடப் படித்ததில்லை. டாக்டர்களின் கிறுக்கல் யாருக்குப் புரியும். எத்தனை தையல், என்ன மருந்து என்று இருக்கும். காலையில் பெட்டியிலிருந்து எடுத்தபோது அவளுக்கு ஒரு கணம் கை தயங்கியது உண்மைதான். ஏன் தயங்கியது என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் நாடாவைக் கட்டிவிட்டாள். சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளாமல் இருக்க அவள் நன்றாகப் பழகியிருந்தாள்.

டாக்டருக்கு நரைத்த மீசை, சின்னக் கை. டார்ச் அடித்து மகளின் வாய்க்குள் பார்த்தவர், முதலில் அந்தச் சூயிங்கத்தைக் குறடால் எடுத்து டிரேயில் போட்டார்.

"என்ன ஃப்ளேவர்?"

"புதினா," என்றாள் மகள், இப்போது முழுக்க மூக்கால்.

"நல்ல வேளை. போன வாரம் ஒருத்தர் மெழுகு வச்சுக்கிட்டு வந்தார்." கையுறையைக் கழற்றிவிட்டுப் பெரியவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்கம்மா?"

"ஜன்னல் திரை தைக்கிற கடையில. அளவெடுக்கப் போவேன், தைப்பேன்."

"அப்போ உங்களுக்குச் சொல்றது சுலபம். ஒரே இடத்துல ரெண்டு தடவை பிரிஞ்சு ரெண்டு தடவை தைச்ச துணி எப்படி இருக்கும்?"

"நைஞ்சு போயிருக்கும். மறுபடி அதையே இழுத்துப் பிடிச்சுத் தைச்சா, ஊசி போன வழியெல்லாம் கிழியும்."

"என்ன பண்ணுவீங்க?"

"வேற துணி எடுத்து ஒட்டுப் போடணும்."

"அதேதான். துணிக்கு ரத்தம் வேண்டாம், இதுக்கு வேணும். அதுதான் வித்தியாசம்." தன் நாக்கை நீட்டி, அதன் மேல் விரலால் ஒரு பட்டை வரைந்து காட்டினார். மகளுக்குச் சிரிப்பு வந்தது. "நாக்குல இருந்து இந்த அளவுக்கு ஒரு பட்டை தூக்குவோம். முழுசா வெட்டி எடுக்க மாட்டோம். ஒரு முனை நாக்குலயே இருக்கும், மறு முனையை மேல ஓட்டையை மூடித் தைச்சுடுவோம். நாக்கு மேலண்ணத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கும். மூணு வாரத்துல மேலண்ணம் அந்தச் சதைக்குத் தன் ரத்தத்தைக் கொடுக்க ஆரம்பிச்சுடும். அப்புறம் நடுவுல வெட்டி, நாக்கை விட்டுடுவோம்."

"மூணு வாரம் பேச்சு?" என்று கேட்டாள் பெரியவள்.

"பேச்சு இல்லை, மெல்றது இல்லை. வாயைத் திறந்து சிரிக்கறதும் இல்லை. எல்லாம் திரவம்தான். கூட இருக்கறவங்க பொறுமைசாலியா இருக்கணும்."

"எங்க டிரைவிங் ஸ்கூல்ல கொண்டாடுவாங்க," என்றாள் மகள்.

டாக்டர் ஃபைலைத் திறந்தார். முதலில் பதினோரு வயது உறை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பாதி மனசுக்குள்ளும் பாதி சத்தமாகவும் படித்தார்.

"'முதல் ஆபரேஷனுக்குப் பின் ஐந்தாம் நாள், உறவினர் ஒருவர் குழந்தையின் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார். குழந்தை வாயில் விரல் விட்டதால் தையல் பிரிந்தது. தாய் சொன்ன தகவல்.' ம்..."

குழந்தைகள் வாயில் கை வைக்காமல் இருக்க, முழங்கை மடங்காதபடி இரண்டு கையிலும் அட்டை வைத்துக் கட்டிவிடுவார்கள். அந்தக் கட்டு.

பிறகு பழுப்பு உறையைப் பிரித்தார். ஒரு தாள், இரண்டு தாள். மூன்றாவதில் நின்றார்.

"இது வேற மாதிரி இருக்கே. 'மூன்றாம் நாள் காலை. எலும்பும் சதையும் சேரும் இடத்தில் தையல் விட்டிருக்கிறது. சிறிய ஓட்டை. பொறுத்துப் பார்க்கலாம். தாயிடம் தெரிவிக்கப்பட்டது.'" கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அஞ்சாம் நாள் கைக்கட்டை அவுத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே. ரெண்டு நாள் முன்னாடியே விட்டிருக்கு. பிளவு அகலமா இருந்தா அந்த இடத்துலதான் இழுவிசை அதிகம், அங்கதான் விடும். யார் தப்பும் இல்லை. இப்பல்லாம் நான் கையைக் கட்டறதே இல்லை." சாதாரணமாகச் சிரித்தார். "பாவம், எந்த உறவுக்காரரைத் திட்டினீங்களோ."

பெரியவள் ஜன்னலைப் பார்த்தாள். நாலடிக்கு மூன்றரை. இரட்டை மடிப்பு வைத்தால் மூன்று மீட்டர் துணி வேண்டும். பயம் வரும்போதெல்லாம் கண் தானாக அளவெடுக்கும்.

"அந்தக் கடைசி வரியை மறுபடி படிங்க டாக்டர்," என்றாள் மகள்.

"'தாயிடம் தெரிவிக்கப்பட்டது.'"

மகள் தலையை ஆட்டினாள். அம்மா பக்கம் திரும்பவில்லை.

வாயால் சொன்னது காற்றோடு போய்விட்டது என்று இருபத்துநாலு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள் பெரியவள். அன்று சொன்ன டாக்டர் போய் மேஜை முன்னால் உட்கார்ந்து அதை எழுதியும் வைப்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தாளை அவளே பெட்டியில் பூட்டி, கரப்பான் அரிக்காமல் அந்துருண்டை போட்டு, பத்திரமாகக் காப்பாற்றியும் வைத்திருந்தாள்.

* * *

திரும்பும் வழியில் இரண்டு சிக்னல் தாண்டினார்கள். மகள் வாயில் இப்போது சூயிங்கம் இல்லை.

"உனக்குத் தெரியும், இல்லையா?"

பெரியவளின் கால் தன்னால் முன்னே போய் மிதித்தது. கார் நடுச்சாலையில் குலுங்கி நின்றது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஒரே மூச்சில் ஹாரன் அடித்தன.

"காலை எடும்மா."

"நான் வேணும்னு..."

"காலை எடு முதல்ல."

வண்டியை ஓரம் கட்டினாள். ஒரு பூட்டிய கடையின் ஷட்டர் முன்னால் நின்றார்கள். யாரோ எட்டிப் பார்த்துவிட்டு, டிரைவிங் ஸ்கூல் பலகையைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு போனார்கள்.

"சொல்லு," என்றாள் மகள்.

எங்கிருந்து தொடங்குவது. "உங்கப்பா ஒரு வருஷம் பொறுக்கலாம்னு சொன்னார்," என்று தொடங்கினாள். "குழந்தை இன்னும் கொஞ்சம் தேறட்டும்னார். நான்தான் கேக்கல. சண்டை போட்டு, நானே கையெழுத்துப் போட்டு..."

மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸுக்கு வந்த இளம் டாக்டர், டார்ச்சை அணைத்துவிட்டு, அவளைத் தனியாகத்தான் கூப்பிட்டுச் சொன்னார். சின்னதா விட்டிருக்கும்மா. தானா மூடினாலும் மூடும். பார்க்கலாம். அவள் அந்த நடு வாக்கியத்தை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மூடிவிட்டால் யாரிடமும் சொல்லவே வேண்டாம். கணவரிடம் சொன்னால் அவர் கத்த மாட்டார். 'நான் சொன்னேனே' என்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குத்தான் பயந்தாள்.

ஐந்தாம் நாள் அவள் குளிக்கப் போயிருந்தாள். லீவு போட்டு உதவிக்கு வந்திருந்த சின்னவள், குழந்தையின் முழங்கை மடிப்பு உரசிச் சிவந்து கொப்பளித்திருந்ததைப் பார்த்து, கட்டை அவிழ்த்து, எண்ணெய் தடவி, ஒரு மணி நேரம் கையைக் காற்றாட விட்டாள். அப்போதுதான் கணவர் உள்ளே வந்தார். குழந்தையின் விரல் வாயில் இருந்ததைப் பார்த்தார்.

"அப்புறம் ரிவியூவுக்குப் போனப்ப பெரிய டாக்டர் அப்பாகிட்ட ஓட்டை இருக்குன்னார். அப்பா திரும்பி அவளைப் பார்த்து, 'நீதானே'ன்னார். நான்..."

"நீ?"

"நான் எதுவும் சொல்லல."

"பதினோரு வயசுல சொல்லியிருக்கியேம்மா. 'தாய் சொன்ன தகவல்.' அது யாரு?"

பெரியவள் ஃபைலின் நாடாவை விரலில் சுற்றினாள். முதல் நாள் சொல்லாமல் விட்டதுதான். பத்து வருஷத்தில் அதுவே நடந்த விஷயமாக மாறியிருந்தது. புது ஆஸ்பத்திரியில் கேட்டபோது, மனப்பாடம் செய்தது போல வாய் தன்னால் ஒப்பித்தது. அப்போது அவளுக்குப் பொய் சொல்வதாகவே தோன்றவில்லை. அதுதான் இப்போது உறைத்தது.

"சித்தி நர்சிங்கை விட்டாங்க," என்றாள் மகள்.

"நாலு மாசத்துல."

"அப்பா சாகற வரைக்கும் அவங்களோட பேசல."

"தெரியும்."

"அப்பா போன அன்னைக்கு, வெளி கேட் கிட்டயே நின்னு பார்த்துட்டுப் போனாங்க. உள்ள வாங்கன்னு கூப்பிட நான்தான் ஓடினேன். வேண்டாம் பாப்பா, அவருக்குப் பிடிக்காதுன்னாங்க." மகள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தாள். "உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்லட்டுமா? பதினஞ்சு வயசுல, ஸ்கூல்ல ஒருத்தி என்னை மாதிரியே மூக்கால பேசிக் காட்டினா. அன்னைக்கு நான் சித்திக்கு போன் பண்ணி, 'உங்களாலதான் எனக்கு இப்படி'ன்னு கத்தினேன். அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? ஸாரி கேட்டாங்க. என்கிட்ட. பத்து தடவை."

பெரியவளின் கை மகளின் தோள் வரை போய்த் திரும்பியது.

"சாயங்காலம் வர்றாங்க இல்ல? நீ சொல்லணும்."

"நீ சொல்லிடேன் பாப்பா. உனக்கு அவகிட்ட..."

"என் வாயால வந்தா அது உன்னைப் பத்தின கோள். நீ சொன்னாத்தான் அவங்களுக்குப் போய்ச் சேரும்." இன்ஜினைக் கிளப்பினாள். "சொல்லலேன்னா நாளைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். செய்யாத தப்புக்குப் பிராயச்சித்தமா ஒருத்தங்க பக்கத்துல உக்கார்ந்து எனக்குப் பால் ஊட்ட வேண்டாம். ஓட்டை இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

"அப்படிச் சொல்லாதே."

"சொல்லிட்டேன். காலைப் பின்னால வை."

* * *

சின்னவள் ஆறுக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கதவு திறந்திருந்தும் வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வா," என்றாள் பெரியவள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல இத்தனை வருஷம்.

தலையில் நரை. கைகளில் பூனை பிறாண்டிய கோடுகள். நர்சிங்கை விட்டவள் எங்கெங்கோ வேலை பார்த்து, கடைசியில் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளாகச் சேர்ந்து பதினைந்து வருஷம்.

"எங்க என் பேஷண்ட்?" என்று மகளின் கன்னத்தைப் பிடித்தாள். "கவலையே படாதே பாப்பா. வாய் பேசாதவங்களைப் பார்த்துக்கறதுதான் என் தொழிலே. ஒரே ஒரு கண்டிஷன், கடிக்கக் கூடாது."

"நகம் வெட்டி விடுவீங்களா சித்தி?"

"காதையும் சுத்தம் பண்ணுவேன். வாலை மட்டும் ஆட்டிக் காட்டு."

பையைப் பிரித்து மேஜையில் பரப்பினாள். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சுகள் ஆறு, ஒவ்வொன்றுக்கும் வெட்டிப் பொருத்திய மெல்லிய ரப்பர் குழாய், நைலான் வடிகட்டி, அளவு போட்ட பாட்டில்கள், அழித்து அழித்து எழுதக்கூடிய ஒரு சின்னப் பலகை. குழாய் முனை கன்னத்தை உறுத்தாதபடி, ஒவ்வொன்றையும் நெருப்பில் காட்டி மழுக்கியிருந்தாள்.

"ஒரு வாரமா வீட்டுல நானே நாக்கை மேல ஒட்டி வச்சுக்கிட்டு, இதால குடிச்சுப் பார்த்தேன். பின்பக்கக் கன்னத்து வழியா விட்டாத்தான் புரை ஏறல. முன்னால விட்டா இருமல் வருது. இருமினா தையலுக்கு ஆகாது, பாரு."

மகள் சித்தியைக் கட்டிக்கொண்டாள். பிறகு அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துணி அடுக்கப் போகிறேன் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சின்னவள் சமையலறைக்கு வந்து, வெந்நீரில் சிரிஞ்சுகளைப் போட்டாள். பெரியவள் அடுப்புத் திண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லிடறேன்." சின்னவள் திரும்பவில்லை; தண்ணீரைப் பார்த்தே பேசினாள். "நீ கூப்பிட்டதா பாப்பா சொன்னப்ப, நான் நம்பல. அன்னைக்கு அந்தக் கையைப் பார்க்கச் சகிக்காமத்தான் அவுத்தேன். ஒரு மணி நேரம்தான். படிச்சவ நான், எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுக்கப்புறமும் என்னை நம்பி இவளை ஒப்படைக்கற பாரு, அது போதும்க்கா எனக்கு. இந்தத் தடவை நான் கண்ணை மூட மாட்டேன்."

"அவுத்ததால இல்லடி."

"ம்?"

"நீ அவுத்ததால தையல் பிரியல." திண்டிலிருந்து கையை எடுத்தாள். "அவருக்கு அந்த ஆபரேஷன் அப்ப பண்றதுல இஷ்டமே இல்ல. உனக்கு ஞாபகம் இருக்கா, நான்தான் பிடிவாதமா... அந்த வீட்டுல நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னா..."

"அக்கா." சின்னவள் அடுப்பைத் தணித்தாள். "அதெல்லாம் அப்புறம். எதால பிரிஞ்சுதுன்னு மட்டும் சொல்லு."

சொன்னாள். மூன்றாம் நாள், டார்ச், தானா மூடினாலும் மூடும். நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இருபத்துநாலு வருஷம் கனத்தது இவ்வளவுதானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

சின்னவள் இடுக்கியால் ஒவ்வொரு சிரிஞ்சாக எடுத்துத் துணியில் வைத்தாள். ஆறும் வைத்து முடித்தாள்.

"அன்னைக்கு மாமா என்னைப் பார்த்து 'நீதானே'ன்னப்ப, நான் உன்னைப் பார்த்தேன். நீ குனிஞ்சு குழந்தையோட குல்லாவுக்கு முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்த. ரொம்ப நேரம் போட்ட. எம்மேல அவ்வளவு கோபம், முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கலன்னு நினைச்சேன்."

"கோபம் இல்லடி."

"இல்லன்னு இப்பத் தெரியுது." கையைத் துடைத்துக்கொண்டாள். "மாமாவுக்கு?"

"கடைசி வரைக்கும் தெரியாது."

"ஓ."

ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் நாளைக்கு ஒரு வார்டை எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று அன்று சின்னவளைச் சொன்னது யார், கணவரா, மாமியாரா, தானேதானா என்று பெரியவள் நினைவுபடுத்திப் பார்த்தாள். பிடிபடவில்லை. தானாக இருந்திருக்குமோ என்ற சந்தேகம் மட்டும் நின்றது.

"நர்சிங் எனக்கு ஒத்து வரல, ரத்தம் பார்த்தா மயக்கம் வருதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றாள் சின்னவள். "எத்தனை தடவை சொன்னேனோ, நானே நம்பிட்டேன். தினமும் ரத்தத்துல கை வச்சுக்கிட்டு, எனக்கு ரத்தம் ஆகாதுன்னு சொல்லியிருக்கேன் பாரு." சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, பாதியில் நின்றது.

"என்னைத் திட்டுடி. ரெண்டு அறை வேணும்னாலும்..."

"வேண்டாம்க்கா. நீ அழுதா, நான்தான் சமாதானம் சொல்லணும். இன்னைக்கு என்னால முடியாது." வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். "கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்."

மகள் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது பெரியவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எல்லாமா?"

"எல்லாம்."

மகள் தலையை ஆட்டினாள். பக்கத்தில் வந்து உட்காரவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் போயிற்று. தெருவில் யார் நடந்தாலும் பெரியவளின் தலை நிமிர்ந்தது. ஏழரைக்கு மகளின் போன் அடித்தது.

"சித்தி... ம்... ம்... சரி... இல்ல, நான் கொண்டு வர்றேன்." பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சொல்றேன் சித்தி. கண்டிப்பா சொல்றேன்."

போனை வைத்தவள், சிரிஞ்சுகளைத் துணியோடு சுற்றி, பாட்டில்களையும் பலகையையும் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

"என்னாச்சு? வரலியா அவ?"

"வருவாங்க. காலையில ஏழு மணிக்கு நேரா ஆஸ்பத்திரிக்கு. மூணு வாரமும் இருப்பாங்க. எனக்காக." பையின் ஜிப்பை இழுத்தாள். "ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ஒரு லாட்ஜ் இருக்காம், இன்னைக்கு அங்க ரூம் போட்டிருக்காங்க. இந்த வீட்டுல தூக்கம் வராதாம். நான் போய் பையைக் கொடுத்துட்டு வந்துடறேன்."

"நீ கையெழுத்து..."

"போடறேன். நீ சொன்னல்ல, நானும் போடறேன்."

மகள் கார் சாவியை எடுத்துக்கொண்டு கதவு வரை போய்விட்டாள். கேட்கக் கூடாது என்று பெரியவள் நினைத்தாள், கேட்டுவிட்டாள்.

"எனக்கு ஏதாவது சொன்னாளா?"

மகள் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றாள்.

"சொன்னாங்க."

"என்ன?"

"மூணு வாரம் கழிச்சு சொல்லச் சொன்னாங்க," என்றாள் மகள். "நாக்கை விட்டப்புறம்."